வரிசையில் நிற்காத பிள்ளைகள்

ஒஸ்லோவில் பேரனின் உதைபந்தாட்டம் பார்க்கப் போகும் தமிழ்த் தாத்தா முதலில் கேட்பது, "புள்ளிப்பட்டியலில எங்கட ஆக்கள் எத்தனையாவது?" 8 வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே பட்டியலே கிடையாது. நோர்வே விளையாட்டுத்துறை 1987இல் சிறுவர்களுக்கெனத் தனி விதிகளை வகுத்து, 2007இல் அவற்றைச் சிறுவர் உரிமைகளாக விரித்தது. அந்த வயதினர் அணிக்கு ஐவராக ஆடுகிறார்கள். நான்கு கோல் பின்தங்கிய அணி இன்னொரு பிள்ளையைக் கூடுதலாக இறக்கலாம்.

யாழ்ப்பாணத்தின் பாசையூரிலும் நாவாந்துறையிலும் கழக ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சக் காலம் பிடிக்கும்.

நோர்வேயில் இந்த வயதினரின் பயிற்றுநர்கள் பெரும்பாலும் பெற்றோர்தான். சம்பளம் இல்லை. காவல்துறைச் சான்று மட்டும் கட்டாயம். அதைக் கையில் வாங்கிய தமிழ்த் தகப்பன் ஒருவருக்கு உண்மையான வேலை, பயிற்சிக்கு முதல்நாள் இரவு சாப்பாட்டு மேசையில் தொடங்குகிறது: 16 பிள்ளைகள், ஒரு மணி நேரம், அரை மைதானம்.

எல்லோரையும் ஒரே கோலுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினால் என்ன ஆகும்? ஒருவர் அடித்து முடிக்க 15 விநாடி என்றால், ஒரு பிள்ளைக்கு முறை வர 4 நிமிடம். 20 நிமிடத்தில் ஐந்தே ஐந்து உதை. மிச்ச நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் சட்டையை இழுப்பதில் போகும். அதே 16 பேரை நான்கு சிறு கட்டங்களில் இருவருக்கு இருவராக விட்டால் பந்து எப்போதும் எட்டும் தூரத்தில்தான். அதனால் அவரது பயிற்சித் திட்டத் தாளில் முதல் 10 நிமிடம் ஆளுக்கொரு பந்து; பிறகு இந்தச் சிறு ஆட்டம்; கடைசி 25 நிமிடம் இரண்டு திடல்களில் நால்வருக்கு நால்வர். கூம்புகளைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுவார்; இடையில் நாலைந்தைத் தூக்கினால் கட்டங்கள் திடலாகிவிடும்.

யாரை யாரோடு விடுவது என்பதுதான் கடினமான பகுதி. கூச்சப்படும் பிள்ளை கெட்டிக்காரனோடு மோதினால் பந்தைக் காணவே காணாது. முதலில் சமபலமுள்ளவர்களைச் சேர்த்து, அடுத்த ஆட்டத்தில் கலந்துவிடுகிறார்.

"என்ர மகன் நல்லா விளையாடுறான், அவனைப் பெரிய ஆக்களோட விடுங்கோவன்" என்று கேட்கும் பெற்றோருக்கு அவர் காட்டுவது புரூன (Bryne) என்ற நோர்வே ஊரை. உதைபந்தாட்ட வீரர் எர்லிங் ஹாலண்ட் சிறுவயதில் அங்கே பழகியது சுமார் 40 பிள்ளைகள் கொண்ட குழுவில். பயிற்றுநர் ஆல்ஃப் இங்வே பெர்ன்ட்சன் கெட்டிக்காரரை மட்டும் பொறுக்கி எடுக்காமல் எல்லோரையும் சேர்த்தே வளர்த்தார். ஹாலண்டைப் போல எல்லோரும் வர முடியாது. ஆனால் 8 வயதில் யார் வருவார் என்று எவராலும் சொல்ல முடியாது.

நவம்பரில் குளிர் வந்ததும் தாள் மாறும். விளக்கம் அரை நிமிடம்தான், நின்றால் கால் விறைக்கும். தண்ணீர் இடைவேளை சுருங்கும், ஓட்டம் கூடும். கையுறை மறந்து வருவோருக்காக அவர் பையில் நாலு சோடி எப்போதும் கிடக்கும்.