உப்பு தின்ற தாங்கிகள்

தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து வருஷக்கணக்காக உப்பு மூட்டை சுமந்து வந்த ஒரு பழைய லாரி, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையொன்றின் தகரக் கொட்டகையில் கதவுகள் திறந்தபடி நின்றிருந்த காலைப் பொழுதில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். கதவு சரியாகச் சாத்திக்கொள்வதில்லை, பள்ளத்தில் இறங்கினால் கேபின் ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகுகிறது என்பதுதான் அதன் சொந்தக்காரர் சொன்ன குறை. டிரைவரும் அவரே.

குறையைக் கேட்ட மிஸ்திரி கதவின் கீலைத் தொடவேயில்லை. காலடியிலிருந்த ரப்பர் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிட்டு, தரைத் தகட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று ஒலித்து வந்த தகடு, டிரைவர் சீட்டுக்கு முன்னால் வந்ததும் நனைந்த அட்டையைப் போல மந்தமாயிற்று. அடுத்த தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, தரையைத் தாங்கும் குறுக்குச் சேனல் செதில் செதிலாகப் பிரிந்திருப்பதையும், கேபினை சேஸிஸின் மேல் உட்காரவைக்கும் தாங்கி பெயரளவுக்கே ஒட்டிக்கொண்டிருப்பதையும், இடையிலுள்ள ரப்பர் கல்லாய் இறுகிவிட்டதையும் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய நூற்றுக்கு 75ஐத் தாண்டினாலே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும் சுபாவம் உடையது உப்பு. சிந்திய தூளும் சாலைச் சேறும் சேனலின் மடிப்புக்குள் புகுந்துவிட்டால், வெளியே வெயில் எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே ஈரம் காய்வதில்லை. துருவோ, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, பற்றவைத்த தகடுகளையே நெம்பிப் பிரித்துவிடுகிறது.

இத்தகைய லாரிகளில் விசேஷமான சிரமம் ஒன்றுண்டு. அந்நாளில் ஆலையிலிருந்து பெரும்பாலும் இஞ்சினும் சேஸிஸும் முகப்பும் மாத்திரமே வரும். கேபினைக் கட்டியவை இவை போன்ற பட்டறைகளே. ஆகையால் இதற்கு எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடையாது. மட்கிப்போன பழைய துண்டுதான் புதியதற்கு மாதிரி.

வெட்டுவதற்கு முன்பே அரை நாள் கழிந்தது. கேபினுக்கு ஜாக்கியும் மரக்கட்டையும் முட்டுக் கொடுத்து, கதவின் சந்து மேலும் கீழும் ஒன்றாகும்வரை நூல் நூலாக உயர்த்தி, வாசலில் மூலைக்கு மூலை டேப் பிடித்து, அந்த நிலை மாறாதிருக்க ஆங்கிள் துண்டுகளைக் குறுக்கே தற்காலிகமாகப் பற்றவைத்தார்கள். பிறகும் ஒரு தாங்கியை முடித்த பின்னரே அடுத்ததில் கை வைத்தார்கள்.

"எல்லாவற்றையும் ஒரேயடியாக அறுத்துவிட்டால் சீக்கிரம் முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியுமுங்க சார். அப்புறம் கேபின் எங்க உக்காந்திருந்துச்சுன்னு சொல்ல ஆள் இருக்காதுங்களே."

கூலி பேசும்போது வெல்டிங்கைக் கணக்கிடுகிறவர்கள் இந்த அரை நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று பிறகு அறிந்தபோது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாயிற்று. அந்தத் தொழிலின் உயிர் அங்கேதான் இருப்பதாக நான் கருதுகிறேன்.

பழைய துண்டை உதிராமல் அறுத்தெடுத்து அட்டையில் வரைந்து, அரிக்கப்பட்ட பாகங்களை எதிர்ப்பக்கத்துச் சேனலைப் பார்த்துப் பூர்த்தி செய்து, அதன்படி புதுத் தகட்டை மடித்தார்கள். பாட்டரி வயரைக் கழற்றி, டீசல் டாங்கை ஈரச் சாக்கால் மூடிய பிறகே வெல்டிங் ஆரம்பமாயிற்று. ஓரிடத்தில் சூடேறித் தகடு கோணிவிடாதபடி, இங்கே ஒரு விரற்கடை, அங்கே ஒரு விரற்கடையாக மாற்றி மாற்றிப் பற்றவைத்தார்கள். இரும்பு நன்றாக ஆறி, ரெட் ஆக்ஸைடு பூசிக் காய்ந்ததற்கு அப்பால்தான் புது ரப்பரை வைத்து போல்ட்டை முடுக்கினார்கள்.

கதவு ஒரே தள்ளலில் சாத்திக்கொண்டது. சொந்தக்காரர் இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் குனிந்து, புதுச் சேனலின் அடியில் மிஸ்திரி போட்டிருந்த சிறு துளையைக் காட்டி, அது எதற்கென்று விசாரித்தார்.

"தண்ணி வடியறதுக்குங்க. லோடு இறக்கினதும் அடியில நல்ல தண்ணி விட்டுக் கழுவிப்போடுங்க."

"சேறு போய் அடைச்சுக்கிட்டா?"

மிஸ்திரி தரையில் கிடந்த வெல்டிங் கம்பித் துண்டொன்றைப் பொறுக்கி, நேராக நிமிர்த்தி, அவர் கையில் கொடுத்தார்.