காளைக்கும் லீவு உண்டு

மகள் மதுரையில வேலை பாக்குறா. தினமும் காலையில தெப்பக்குளத்தைச் சுத்தி அஞ்சு சுத்து நடை. ஒரு சுத்தே ஒரு கிலோமீட்டருக்கு மேல வரும். எங்களுது சுகர் குடும்பம், அதனால நடன்னு சொன்னவனே நான்தான். போன வாரம் ஊருக்கு வந்தவ, கொல்லையில தலைசுத்தி உக்காந்துட்டா.

"அரை கிலோ கூடிருச்சுப்பா. அதான் நேத்து ரெண்டு வேளை சாப்பிடல."

எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. தொழுவத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஜல்லிக்கட்டுக்கு வளர்க்கிற காளை நிக்குது. நடை, நீச்சல், கொம்பால மண்ணைக் குத்துற பழக்கம் எல்லாம் உண்டு. ஆனா நீந்தின மறுநாள் அது கட்டுத்தறியை விட்டு நகராது, பருத்திக்கொட்டையும் குறையாது. ஒரு வருஷம் ஆசையில தினமும் விரட்டினேன். பொங்கலுக்கு முன்னாடி கால் வீங்கி, அந்த வருஷம் வாடிவாசலையே பாக்கல. எங்கப்பா அமாவாசைக்கு ஏர் பூட்ட மாட்டாரு. சாமி காரியம்னுதான் நெனச்சிருந்தேன், மாட்டுக்கும் அன்னைக்குத்தான் லீவு.

"இதை எடை போட்டதே இல்லை தாயி. மேல கை வச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

"நான் மாடாப்பா?"ன்னு சிரிச்சா. ராத்திரி மூணு இட்லி சாப்பிட்டா. காலையில அஞ்சு மணிக்கு அலாரம் அடிச்சுச்சு. அமத்திட்டு, போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டா.