சீசாவைத் திறக்காமல் ஒரு சோதனை

பிரான்ஸ் தேசத்துக்குப் போகிறவர்கள் பாரிஸோடு திரும்பிவிடக் கூடாது. தென்மேற்கே ரயிலேறி, போர்தோ நகரத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கரோன் நதி அங்கே பிறைச் சந்திரன் மாதிரி வளைகிறது. வளைவை ஒட்டி ஊர். வடக்கே போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைக் கொடிகள்தான்.

"நமக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், அம்மா! குடிக்க அழைக்கவில்லை, ஒரு துப்பறியும் கதை கேட்கத்தான் அழைக்கிறேன்.

1985 டிசம்பரில் லண்டனில் ஒரு புட்டி ஏலத்துக்கு வந்தது. 1787-ம் வருஷத்து லாபீட் ஒயின் என்றார்கள். லாபீட் என்பது இந்தப் பக்கத்துப் புகழ்பெற்ற திராட்சைத் தோட்டம். கண்ணாடியில் தாமஸ் ஜெபர்ஸனைக் குறிக்கும் எழுத்துக்கள் செதுக்கியிருந்தன. பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான ஜெபர்ஸன், பாரிஸில் தூதராக இருந்தபோது 1787-ல் போர்தோவுக்கு வந்து போனது உண்மைதான். விலை? 1,05,000 பவுன்! வீடு வாங்க வேண்டிய பணத்துக்கு ஒரே ஒரு சீசா.

அதே ரகத்தில் 4 சீசாக்களை 1988-ல் வாங்கினார் பில் கோக் என்ற அமெரிக்கச் செல்வர். 2005-ல் அவற்றைக் கண்காட்சியில் வைக்க நினைத்து, ஜெபர்ஸன் வாழ்ந்த மான்டிசெல்லோ மாளிகையில் விசாரித்தால், அப்படி எந்தக் குறிப்பும் இல்லை என்று பதில் வந்தது. கோக்குக்கு எப்படி இருந்திருக்கும், பாருங்கள்!

திறந்து பார்த்தால் சீசாவின் மதிப்புப் போய்விடும். திறக்காமலே பார்க்க ஒருவர் இருந்தார். போர்தோவை அடுத்த கிராதின்யானில் அணு ஆராய்ச்சி செய்த பிலிப் ஹூபர்.

அவருடைய யுக்தி இதுதான். சீஸியம்-137 என்ற பொருள் இயற்கையில் கிடையாது. 1945-ல் அணுகுண்டு வெடித்த பிறகே காற்றில் கலந்தது. மழையோடு இறங்கித் திராட்சையிலும் துளித்துளியாய்ச் சேர்ந்தது. (பயப்பட வேண்டாம், அளவு மிகமிகச் சொற்பம்.) வெட்டவெளிச் சோதனைகள் மலிந்திருந்த 1960-களின் தொடக்கத்தில் அது உச்சத்துக்குப் போயிற்று. 1963 ஒப்பந்தத்துக்குப் பின் குறைந்தது. 1986-ல் செர்னோபில் விபத்தால் மறுபடி கொஞ்சம் ஏறியது. அதிலிருந்து வரும் காமாக் கதிர் கண்ணாடியை ஊடுருவி வெளியே வரும். பக்கத்தில் கருவியை வைத்து எண்ணினால் போதும்.

ஆனால் விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் குறுக்கிட்டுக் கணக்கைக் கெடுக்குமே? அதற்காக சீசாக்கள் ஆல்ப்ஸ் மலைக்கே போயின! பிரான்ஸ்-இத்தாலி எல்லைச் சுரங்கப் பாதையில், தலைக்கு மேல் 1,700 மீட்டர் பாறை இருக்க, ஓர் ஆராய்ச்சிக்கூடம். அத்தனை நிசப்தத்தில்தான் சீஸியத்தின் முணுமுணுப்புக் கேட்கும்.

கேட்டதா? இல்லை. சீஸியமே இல்லை!

அப்படியானால் அசல்தானா? அவசரப்படாதீர்கள். 1945-க்கு முந்திய ஒயின் என்று மட்டுமே அதற்கு அர்த்தம். 1787-ஆ, 1940-ஆ என்று சீஸியம் சொல்லாது.

கடைசியில் குட்டை உடைத்தது ஒயின் அல்ல, எழுத்து. செதுக்கு வேலை தெரிந்த நிபுணர்கள் அதை ஆராய்ந்தார்கள். பல் வைத்தியரின் துளைகருவி போன்ற, மின்சாரத்தில் சுழலும் நவீன ஆயுதம் கீறிய கீறல் என்றார்கள். ஜெபர்ஸன் காலத்தில் மின்சாரம் ஏது?

கோக் 2006-ல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார். சீசாக்களுக்குக் கொடுத்த பணத்தைவிட, அவற்றைத் துப்பறிந்த செலவுதான் அவருக்கு அதிகமாயிற்று.