கிளாரினெட் பெட்டியும் நானும்

2018-ஆம் வருஷம் அக்டோபர் முதல் டிசம்பர் முடிய நியூயார்க்கில் என் பெண் வீட்டில் இருந்தேன். நகரத்தின் கிழக்கே ஃப்ளஷிங் என்ற பேட்டை. அங்கே பவுன் தெருவில் பிள்ளையார் கோயில், கோயிலைச் சேர்ந்த காண்டீன், காண்டீனில் முறுகலான தோசை. ஆகவே அமெரிக்காவைக் கண்டு எனக்குப் பயம் ஏற்படவில்லை. பயமெல்லாம் வீட்டுக்குள்ளேதான்.

பேத்திக்கு 13 வயது. கிளாரினெட் வாசிக்கிறாள். மான்ஹாட்டனில் லகார்டியா ஹைஸ்கூல் என்று ஒன்று இருக்கிறது. சங்கீதம், நாட்டியம், நாடகம், சித்திரம் இவற்றில் தேறக்கூடிய பிள்ளைகளுக்காக நகரமே நடத்தும் பள்ளிக்கூடம். சம்பளம் கிடையாது. ஆனால் அப்போது பரீட்சகர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு உருப்படிகள், ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கக் கூடாது, பக்கவாத்தியமும் கூடாது. எந்த இரண்டு? இதுதான் வீட்டில் நடந்துகொண்டிருந்த யுத்தம்.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர். "கஷ்டமானதை வாசித்தால்தான் கவனிப்பார்கள்" என்பது அவர் கட்சி. வேபர் என்ற ஜெர்மானியர் எழுதிய முதல் கான்செர்ட்டோ ஒன்று, கெர்ஷ்வினின் ஆரம்பம் ஒன்று என்று அவரே முடிவு கட்டிவிட்டார். என் பெண் பேசாமல் பாத்திரம் கழுவினாள். சொல்லிக் கொடுக்கும் அம்மாள், "நூல் நிலையத்துக்குப் போய் நாலைந்து புத்தகங்களைப் பார்த்து நீயே முடிவு செய்" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டாள். ஒரு சனிக்கிழமை அவளுக்குத் துணையாக நான் புறப்பட்டேன். என் யோக்கியதை என்ன என்று கேட்காதீர்கள். திருச்சி ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டைக் கேட்டு வளர்ந்த காது, அவ்வளவுதான்.

7-ஆம் நம்பர் ரயில் வெகு தூரம் வீடுகளின் தலைக்கு மேலேயே ஓடி, பிறகு ஆற்றுக்கு அடியில் புகுந்து மான்ஹாட்டனை அடைகிறது. ஐந்தாவது அவென்யூவில் இறங்கினோம். பிரையன்ட் பார்க்குக்கு எதிரே, 42-ஆம் தெருவில், ஒரு பழைய கட்டடத்தைப் பேத்தி காட்டினாள். ஒரு காலத்தில் அது ஏயோலியன் ஹால். 1924 பிப்ரவரி 12-ந் தேதி கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ' அரங்கேறியது அங்கேதான். ஆரம்பத்தில் கிளாரினெட் கீழிருந்து ஏறுவதைக் கெர்ஷ்வின் தனித்தனி ஸ்வரங்களாகத்தான் எழுதியிருந்தாராம். ஒத்திகையில் ராஸ் கோர்மன் என்ற வித்துவான் வேடிக்கையாக அதை ஒரே இழுப்பாக இழுத்தார். கெர்ஷ்வினுக்குப் பிடித்துப்போய், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

காதில் மாட்டிக் கேட்கக் கொடுத்தாள். சாட்சாத் நம்முடைய ஜாரு! எனக்குத் தலை ஆடிவிட்டது. இப்போது அந்தக் கட்டடத்தில் கண் வைத்தியக் கல்லூரி நடக்கிறது. காதுக்கு இருந்த இடம் கண்ணுக்குப் போய்விட்டது.

"அதையே வாசியேன்" என்றேன்.

"அந்த இழுப்பு எனக்குப் பத்துத் தடவையில் மூணு தடவைதான் வருது, தாத்தா."

57-ஆம் தெரு வரை நடந்தோம். கார்னகி ஹால் வாசலில் அவள் நின்றாள். 1963 ஏப்ரலில், புலான்க் என்ற பிரெஞ்சுக்காரரின் கிளாரினெட் சொனாட்டாவை பென்னி குட்மன் முதன் முதலாக இங்கேதான் வாசித்தாராம். பியானோவில் லியொனார்ட் பெர்ன்ஸ்டைன். எழுதியவர் அதைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை, ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

அந்த வாசலில்தான் பெண் மனசைத் திறந்தாள்.

"தாத்தா, அப்பாகிட்ட சொல்லாதீங்க. வேபர் தனியா வாசிச்சா வருது. யாராவது எதிரே உட்கார்ந்தா, பிரேக்கிலே கீச்சுனு கத்திடுது."

பிரேக் என்றால் என்னவென்று எனக்கு விளக்கினாள். புல்லாங்குழலில் அழுத்தி ஊதினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் பேசும். கிளாரினெட் அப்படியல்ல, விசையை அழுத்தினால் பன்னிரண்டாவது ஸ்வரத்துக்குத் தாவிவிடும். அதனால் கீழ்ப் பகுதிக்கும் மேல் பகுதிக்கும் விரல் பிடிப்பே வேறு. இரண்டும் சந்திக்கும் இடத்தில், திறந்திருந்த துவாரங்களையெல்லாம் ஒரே கணத்தில் மூட வேண்டும். ஒரு விரல் இம்மி விலகினாலும் வாத்தியம் மானத்தை வாங்கிவிடும். வேகமான உருப்படிகள் இந்த இடத்தை நூறு தடவை தாண்டுகின்றன.

"டீச்சர் என்ன சொல்கிறாள்?"

"உன் மோசமான நாளிலும் எது வருமோ அதை எடுன்னாங்க."

மகா புத்திசாலி அந்த அம்மாள்!

லிங்கன் சென்டரில் உள்ள நூல் நிலையத்தின் ஒரு வாசல் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் இருக்கிறது. எதிர்ச் சாரியிலேயே அந்த ஹைஸ்கூல். பேத்தி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே அலமாரி அலமாரியாக ஸ்வரப் புத்தகங்கள். கார்டு இருந்தால் காசில்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

ஸ்ட்ராவின்ஸ்கியின் 'மூன்று உருப்படிகள்' பக்கவாத்தியமே இல்லாமல் வாசிக்க எழுதப்பட்டவை. பொருத்தம்தான், ஆனால் கஷ்டம், மூடிவிட்டாள். வேபர் 1811-இல் எழுதிய சிறிய 'கான்செர்ட்டினோ'வை எடுத்தாள். அதைக் கேட்டு மகிழ்ந்துதான் பவேரிய ராஜா வேபரிடம் இரண்டு கான்செர்ட்டோ எழுதச் சொன்னாராம். மாப்பிள்ளையின் வேபருக்கு இது மூத்த சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மெட்டும் முதல் மாறுதலும் மட்டும் போதும் என்றாள். வேகமும் உண்டு, கைக்கு அடக்கம்.

நிதானமானதற்கு மோட்ஸார்ட். 1791-இல், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஸ்டாட்லர் என்ற சிநேகிதருக்காக எழுதிய கான்செர்ட்டோவின் நடுப் பகுதி. பக்கத்தைப் பார்த்தால் ஸ்வரங்கள் கொஞ்சம்தான். இதையா வாசித்துக் காட்டுவது என்று எனக்கே தோன்றியது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே கிளாரினெட்தான் பாடுகிறது. பியானோவுக்காகக் காத்து நிற்கும் வெற்றிடம் இல்லை. அவர் எழுதியது 'ஏ' சுருதி வாத்தியத்துக்கு. இவளிடம் இருப்பது 'பி ஃப்ளாட்'. தனியாக வாசிக்கும்போது அரை ஸ்வரம் உயர்ந்தால் யாருக்கு நஷ்டம்?

அன்றிரவு மாப்பிள்ளையிடம் நான்தான் பேசினேன். அவருக்கு ரசிக்கவில்லை. "இது சின்னப் பிள்ளை பாட்டு மாதிரி இருக்கே, மாமா" என்றார். பேத்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். முதல் மெட்டு இரண்டாம் தரம் திரும்பி வரும்போது, மூச்சைக் கையில் பிடித்த மாதிரி, மிக மெதுவாக வாசிக்க வேண்டும். வாசித்தாள். மாப்பிள்ளை காப்பியைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் அவர் வேபர் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருஷம் நேரில் போய்த்தான் வாசிக்க வேண்டியிருந்தது. டிசம்பர்க் குளிர். குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும் என்று பெட்டியைக் கம்பளிக் கோட்டுக்குள் அணைத்தபடி உள்ளே போனாள். நான் நடைபாதையில் நின்றேன். திரும்பி வந்ததும், "மோட்ஸார்ட்டைப் பாதியிலே நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றாள்.

"நிறுத்தும்வரை?"

"கத்தலை, தாத்தா."

நேரே ஃப்ளஷிங் காண்டீனுக்குப் போய் ஆளுக்கு இரண்டு தோசை சாப்பிட்டோம்.

மார்ச்சில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். மாப்பிள்ளை டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கையில், பின்னால் ஏதோ கீழிருந்து வழுக்கிக்கொண்டு ஏறி, பாதி வழியில் கீச்சென்று கத்தியது.

"அது என்ன சத்தம், மாப்பிள்ளை?"

"கெர்ஷ்வின், மாமா. நான் சொல்லவே இல்லை, அவளேதான் எடுத்திருக்கிறாள்."