மூச்சு விடாத குரல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பாடகி இல்லாமல் பாட்டு உண்டா? உண்டு என்கிறது கணிப்பொறி. பெண் குரலைச் சுரம் சுரமாகப் பதிவு செய்து தருகிறார்கள். கட்டையை அழுத்தினால் ஒருத்தி 'ஆ' என்று பாடுவாள். 2000-இல் வந்த 'கிளாடியேட்டர்' படத்தில், எம்மொழியிலும் சேராத ஒலிகளால் லிசா ஜெரார்ட் பாடியதைக் கேட்டவர்கள் அத்தகைய குரலின் வலிமையை அறிவார்கள்.

நண்பனின் குறும்படத்தில், படிக்கப் போகும் மகனைத் தாய் வழியனுப்பும் காட்சி. எங்கள் வீட்டின் ஒரே அறைதான் ஒலிப்பதிவுக் கூடம். இரண்டு குரல்கள் கிடைத்தன. ஒன்று உச்சத்தில் பளிங்கு. மற்றது தாழ்ந்த, சற்றே கரகரத்த குரல். பளிங்கைத் தேர்ந்தெடுத்தேன்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத, நடவுப் பாட்டுப் பாடியே வளர்ந்த என் அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பொண்ணு மூச்சே விடலியே, தம்பி!"

திடுக்கிட்டேன். பதிவின் நடுப்பகுதியையே கணிப்பொறி திரும்பத் திரும்ப ஓட்டி நீட்டியிருந்தது. ஒரே பதிவைப் பல சுரங்களுக்கு உயர்த்தியதில் வாய், தொண்டையின் ஒத்ததிர்வுகளும் கூடவே உயர்ந்து, 'ஆ'வின் சாயலே மாறியிருந்தது. ஒத்ததிர்வு படித்து மதிப்பெண் வாங்கிய என் காதில் இது விழவில்லையே!

தாழ்ந்த குரலுக்கு மாறினேன். அதில் ஒவ்வொரு சுரமும் தனிப்பதிவு. சுரத்திலிருந்து சுரத்திற்கு இழைவதும், மூச்சிழுப்பதும் பதிவில் உண்டு. அடிக்கு அடி இடைவெளி விட்டேன். மறுபடி கேட்ட அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கூடவே மெல்ல முணுமுணுத்தாள்.

நண்பர்களே, குரல் தேடும்போது அழகைப் பிறகு பாருங்கள். மூச்சை முதலில் கேளுங்கள். எங்கோ ஒரு பெண் ஒலிவாங்கிமுன் நின்று விட்ட மூச்சு அது.