இன்றிரவுக்கு ஒரு கட்டில்

சென்ற வாரம் அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பல்கலைக்கழகப் படிப்பு முடிந்துவிட்டதாம். முதுகில் ஒரு பையோடு மூன்று வாரங்கள் வெளிநாடு சுற்றிவரப் போகிறானாம். "மாமா, நீங்களும் உப்பிடித்தானே மலிவாப் போய்த் திரிஞ்சனீங்கள். என்னத்தைக் கவனிக்கவேணும் எண்டு சொல்லுங்கோ" என்றான்.

நான் அவனுக்கு மூன்று விடயங்களைச் சொன்னேன். திகதியை இரண்டு முறை சரிபார்த்துக்கொள். ஒரு சிறிய பூட்டுக் கொண்டுபோ. பகலில் போய் இறங்கினால் உடனே படுத்துவிடாதே, வெளிச்சத்தில் நட. தொலைபேசியை வைத்த பின்னர்தான் நான்காவது விடயம் ஒன்று நினைவுக்கு வந்தது. அது அவனுக்குத் தேவைப்படாது என்று எண்ணியதால், இங்கே எழுதுகின்றேன்.

2008 ஒக்டோபரில் அமெரிக்காவின் சன்பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற ஊடகக் கருத்தரங்கு ஒன்றுக்கு அழைக்கப்பட்டிருந்தேன். விமானச் சீட்டும் கருத்தரங்கு நாட்களுக்கான ஹொட்டேல் அறையும் அவர்களுடைய செலவு. கருத்தரங்கு 14 ஆம் திகதிதான் ஆரம்பம். நான் முன்னதாகவே போய், அந்த நகரத்தை என் சொந்தச் செலவில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பத்திரிகைக்காரனின் சம்பளத்தில் அந்த நகரில் ஓர் ஹொட்டேல் அறையை நினைத்தும் பார்க்க இயலாது. ஆகவே இணையத்தில் தேடி, இளைஞர்கள் தங்கும் 'ஹொஸ்டல்' ஒன்றில், எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்குப் பதிவு செய்தேன். பத்து வீதம் முற்பணம். அப்போது எனக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. "இந்த வயதில இளைஞர் விடுதியோ?" என்று மனைவி சிரித்தாள்.

பதிவு செய்யும்போதே பிழை விட்டிருந்தேன். கொழும்பிலிருந்து 11 ஆம் திகதி அதிகாலையில் புறப்படுகிறோம். சிங்கப்பூரில் பகல் முழுதும் காத்திருப்பு. ஹொங்கொங்கிலிருந்து நள்ளிரவை அண்மித்துப் புறப்பாடு. அதன் பின் ஏறத்தாழ பன்னிரண்டு மணித்தியாலப் பயணம். எனவே போய்ச் சேர்வது 12 ஆம் திகதி என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டு, 12 ஆம் திகதிக்கே கட்டிலைப் பதிவு செய்தேன். பசுபிக் சமுத்திரத்தின் நடுவே சர்வதேசத் திகதிக் கோடு ஒன்று ஓடுகிறது என்பதைப் பாடசாலையில் படித்து, பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றவன் நான். ஹொங்கொங்கில் இரவு பதினொன்றரைக்குச் சற்று முன்னர் ஏறியவன், சன்பிரான்சிஸ்கோவில் இறங்கியபோது அதே 11 ஆம் திகதி இரவு எட்டு மணி. ஏறிய நேரத்துக்கு மூன்று மணித்தியாலங்கள் முன்னதாகவே இறங்கிவிட்டேன்!

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் 'பார்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரயில் உண்டு. அப்போது ஐந்து டொலர் சொச்சம். பவல் தெரு நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால், கேபிள் கார்களைத் திருப்பி விடும் மரவட்டம் எதிரே தெரிகிறது. 1873 முதல் அந்த நகரத்தின் மேட்டுத் தெருக்களில் ஓடும் வாகனம் அது. நிலத்தினடியில் ஓடும் கம்பி வடத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். அதன் மணியோசையைக் கேட்டபடி மேட்டில் ஏறி, பதிவு செய்த ஹொஸ்டலைக் கண்டுபிடித்தேன்.

வரவேற்பு மேசையில் இருந்த இளைஞன் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கட்டில் நாளைக்குத்தான்" என்றான். இன்று 12 ஆம் திகதி அல்லவா என்று நான் வாதிட்டேன். கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்டினேன். கொழும்பு நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்த அந்தக் கடிகாரம் ஞாயிறு, 12 என்று காட்டியது. அவன் பொறுமையாகச் சுவரிலிருந்த நாட்காட்டியைக் காட்டினான். சனிக்கிழமை, 11. இருவரும் சொன்னது சரிதான்; ஆனால் கட்டில் அவனுடைய நாட்காட்டியின்படிதான் கிடைக்கும். சனிக்கிழமை இரவு ஆதலால் எல்லாம் நிரம்பிவிட்டது என்று கூறி, நகர வரைபடம் ஒன்றில் வேறு இரண்டு விடுதிகளைப் பேனாவால் வட்டமிட்டுத் தந்தான்.

வாசகர்கள் பலரும் 'ஜெட் லாக்' எனப்படும் இந்த நேரமாற்றக் களைப்பை அனுபவித்திருப்பீர்கள். கண்களில் இருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் ஏறத்தாழ இருபதாயிரம் நரம்புக் கலங்கள் கொண்ட ஒரு சிறு பகுதி உண்டு. உடலின் கடிகாரம் அதுவே. கண் வழியாக வரும் வெளிச்சத்தைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் என்ற அளவில், ஆறுதலாகத்தான் திருத்திக்கொள்ளும். கலங்களுக்குள்ளே இத்தகைய கடிகாரம் எவ்வாறு ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நான் அன்று கடந்து வந்த வித்தியாசம் பன்னிரண்டரை மணித்தியாலம். பகல் இரவாகவும் இரவு பகலாகவும் தலைகீழாகிவிட்டன.

இலங்கையருக்கு இந்த விடயம் முற்றிலும் புதியதன்று. 1996 மே மாதத்தில் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிப்பதற்காக அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பிரதேசம் பழைய நேரத்திலேயே இருந்தது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, ஒரே தீவில் இரண்டு நேரங்கள். 2003 இல் செய்திக்காகக் கிளிநொச்சிக்குச் சென்றபோது, ஓமந்தையைக் கடந்ததும் பஸ்ஸில் இருந்தவர்கள் கடிகார முள்ளைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். விமானம் ஏறாமலே நேரம் மாறிய மக்கள் நாங்கள்.

இரண்டாவது விடுதியிலும் இடமில்லை. மூன்றாவதைத் தேடி நடந்த தெருக்களில், கடைகளின் வாசல்களில் அட்டைப் பெட்டிகளை விரித்து மனிதர்கள் படுத்திருந்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, தெரு நெடுகிலும். உலகின் செல்வந்த நகரங்களுள் ஒன்றில் இப்படியா என்று திகைத்தேன். கால்கள் தரையில் படுவதாகவே தெரியவில்லை. முப்பது மணித்தியாலங்களுக்கு மேலாகப் படுக்கையைக் காணாத உடம்பு. முதுகுப்பையின் பாரம் கூடிக்கொண்டே போனது.

மூன்றாவது ஹொஸ்டல் ஒடுங்கிய மாடிப்படி ஒன்றின் மேலே இருந்தது. மூக்குத்தி அணிந்த வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி மேசையில் இருந்தாள். ஒரு கட்டில் இருக்கிறது, 27 டொலர் என்றாள். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ மூவாயிரம் ரூபா. "எத்தனை இரவு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் ஒரு மாதிரியாக இருக்கிறது. பையைத் திறந்து பிளாஸ்டிக் கோவை ஒன்றை எடுத்து, அதிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினேன். கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை, அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அட்டை, அலுவலகக் கடிதம், கருத்தரங்கு அழைப்புக் கடிதம், திரும்பிச் செல்லும் விமானச் சீட்டு. "செவ்வாய்க்கிழமை கருத்தரங்கு இருக்கிறது, அதற்காகத்தான் வந்தேன், அதன் பின் போய்விடுவேன்" என்று, அவள் கேளாமலே விளக்கமும் சொன்னேன். அவள் கடவுச்சீட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றவற்றை என் பக்கம் மெதுவாகத் தள்ளினாள். "இவை ஒன்றும் வேண்டாம். மேல் கட்டில்தான் இருக்கிறது. ஏற முடியுமா?" இதுதான் அவள் கேட்ட அடுத்த கேள்வி. வேறு கேள்வி இல்லை.

1990 களின் ஆரம்பத்தில், பேராதனையில் கலைப்பட்டம் பெற்று வேலை தேடிக் கொழும்புக்கு வந்தபோது, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினேன். ஏன் வந்தாய், எவ்வளவு காலம், யாரைத் தெரியும் என்று முதலாளி கேட்பார். பின்னர் பொலிஸ் பதிவு. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் அதே கேள்விகள் மறுபடியும். அந்தப் பிளாஸ்டிக் கோவை அக்காலத்திலிருந்தே என்னோடு வருகிறது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில், கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டார்கள். கொழும்பில் தங்கியிருப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்து அதனைத் தடுத்தது. அன்று அந்தச் செய்தியைச் செம்மைப்படுத்திப் பக்கத்தில் போட்டவன் நான்.

மேல் கட்டிலில் ஒருவாறு ஏறிப் படுத்தேன். கீழே யாரோ குறட்டை விட்டார்கள். மூன்று மணித்தியாலமாவது தூங்கியிருப்பேனோ தெரியாது, கண் தானாகத் திறந்துகொண்டது. அதிகாலை மூன்று மணி. கொழும்பில் பிற்பகல் மூன்றரை. எங்கள் ஆசிரியபீடத்தில் மறுநாள் பக்கங்களைத் தீர்மானிக்கக் கூடும் வேளை. பல வருடப் பழக்கம். உடம்பு வேலைக்கு ஆயத்தமாகிவிட்டது.

மற்றவர்களைக் குழப்பாமல் சமையலறைக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் விழித்திருந்தார். ஜேர்மனியின் வெஸ்ட்பாலியாப் பகுதியைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர். அவருடைய உடம்புக்கு அது நண்பகல். விருந்தாளிகள் விட்டுச் சென்ற அரிசி, சீனி, பாண் எல்லாம் 'இலவசம்' என்று எழுதிய தட்டில் இருந்தன. நான் கொண்டுசென்ற இலங்கைத் தேயிலையில் இருவருக்கும் பிளேன்ரீ ஊற்றினேன்.

இத்தகைய விடுதிகள் தோன்றிய கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். 1909 ஓகஸ்ட் 26 ஆம் திகதி, அவருடைய பகுதியிலுள்ள அல்ட்டெனா என்ற ஊரின் ஆசிரியர் ரிச்சார்ட் ஷிர்மான், தம் மாணவர்களைக் கால்நடைப் பயணமாக அழைத்துச் சென்றபோது கடும் இடிமழையில் அகப்பட்டார். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் அவர்களுக்குத் திறந்து விடப்பட்டது. வைக்கோல் பரப்பிப் பிள்ளைகள் உறங்கினார்கள். விடுமுறை நாட்களில் வெறுமையாகக் கிடக்கும் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் இப்படித் திறந்துவிட்டால் என்ன என்று, உறங்காதிருந்த அந்த ஆசிரியர் சிந்தித்தார். 1912 இல் அல்ட்டெனாவின் பழைய கோட்டையிலே நிரந்தர விடுதி உருவானது. 1932 இல் அது அம்ஸ்டர்டாமில் ஒரு சர்வதேச அமைப்பாகவே வளர்ந்தது. அமெரிக்காவின் முதலாவது விடுதி 1934 இல் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் திறக்கப்பட்டது.

"உங்கள் நாட்டிலும் இப்படி மலிவான விடுதிகள் உண்டா?" என்று அவர் கேட்டார். உண்டு என்றேன். பின்னர், ஏனென்று தெரியவில்லை, முந்திய ஆண்டு ஜூன் மாதத்துக் கதையையும் சொன்னேன். அவர் கோப்பையைக் கையில் வைத்தபடி வெகுநேரம் பேசாதிருந்தார். "1933 இல் எங்கள் விடுதிகளை ஹிட்லர் இளைஞர் அமைப்பு எடுத்துக்கொண்டது. கட்டில்கள் அப்படியே இருந்தன. யாருக்குக் கட்டில் என்பதுதான் மாறியது" என்றார்.

விடிந்ததும் வெளிச்சத்தில் நடக்கும்படி அவரே என்னை அனுப்பினார். உடம்பின் கடிகாரத்துக்கு அதுதான் மருந்தாம். அறையில் சாமான் வைக்கும் பெட்டிக்குப் பூட்டு இல்லாமல் நான் தடுமாறியதைப் பார்த்துவிட்டுத் தம்மிடமிருந்த மேலதிகப் பூட்டு ஒன்றையும் தந்தார். மாடிப்படியால் இறங்கினேன். வாசலுக்கு அருகில் ஒருவர் அட்டைப் பெட்டியின் மேல் போர்வையால் முகத்தை மூடியபடி இன்னும் உறங்கிக்கொண்டிருந்தார். என்னிடம் கேள்வி கேட்கப்படாமைக்கு 27 டொலரும் ஒரு காரணம் என்பது அப்போது உறைத்தது. அது இல்லாதவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை, கதவும் திறப்பதில்லை. ஆகவே அந்த நகரத்தைச் சொர்க்கம் என்று எழுத நான் ஆயத்தமில்லை. ஆயினும், காரணம் சொல்லாமல் ஒரு கட்டில் கிடைக்கும் என்பதை நாற்பது வயதுக்குப் பிறகு அங்குதான் அறிந்தேன்.

முற்பணம் போனால் போகட்டும் என்று, பதிவு செய்த இடத்துக்கு மாறாமல் அந்த மேல் கட்டிலிலேயே மூன்று இரவுகள் தங்கினேன். மூன்றாம் இரவு ஐந்து மணித்தியாலம் உறங்கினேன்.

நாடு திரும்பிய இரவு, கட்டுநாயக்காவிலிருந்து வரும் வழியில் சோதனைச் சாவடியொன்றில் வாகனம் மறிக்கப்பட்டது. படைவீரர் வாய் திறப்பதற்கு முன்பே என் கை கோவையை எடுத்து நீட்டிவிட்டது. உடம்பின் கடிகாரம் கொழும்பு நேரத்துக்குத் திரும்பப் பத்து நாட்கள் பிடித்தன. கைக்கு ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை.

அந்தக் கோவை இப்போதும் என் பயணப் பையில் இருக்கிறது. அதை எடுத்து வைக்க மனம் வருவதில்லை. மருமகனுக்கு அது வேண்டியதில்லை. ஜேர்மன் ஆசிரியர் தந்த பூட்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். அவன் வரும்போது அதை மட்டும் கொடுத்தனுப்புவேன்.