ரெண்டாவது டேக் அழுகை

எங்க திருநின்றவூர்லேர்ந்து பூந்தமல்லி தாண்டிப் போனா செம்பரம்பாக்கம் இ.வி.பி. பிலிம் சிட்டி. 2017 ஜூன்ல கமல் ஆரம்பிச்சு வெச்ச தமிழ் பிக்பாஸ் வீடு அங்கதான் இருந்துச்சு. ஊர்ல பாதிப் பேர் அதைப் பார்த்து உருகுவாங்க, மீதிப் பேர் "எல்லாம் ஸ்கிரிப்டுப்பா"ம்பாங்க. ரெண்டாவது கோஷ்டிக்கு நான் தலைவர் :-)

2021 மே மாசம் அதே இடத்துல மலையாள பிக்பாஸ் மூணாவது சீசன் ஷூட்டிங். கொரோனா ஊரடங்கு, படப்பிடிப்புக்குத் தடை. யூனிட்ல சிலருக்குத் தொற்றுன்னு தெரிஞ்சதும் நம்ம திருவள்ளூர் வருவாய்த்துறை அதிகாரிகள் போலீசோட போய் செட்டுக்கு சீல் வெச்சுட்டாங்க. வெளியுலகமே தெரியாம உள்ள இருந்தவங்களை ஓட்டலுக்கு மாத்தினாங்க. ஓட்டெடுப்புல மணிக்குட்டன் ஜெயிச்சு, ஃபைனல் ஆகஸ்ட்லதான் ஒளிபரப்பாச்சு. அந்த சீசன்லயே ஸ்கிரிப்ட் இல்லாத ஒரே சீன் அந்த சீல்தான்னு அப்ப நக்கலடிச்சேன்.

கணக்கும் கையில வெச்சிருந்தேன். கேமரா பதியறது நாளெல்லாம், நாம பாக்கறது சுமாரா ஒரு மணி நேரம். எதை வெட்டறது, எதை ஒட்டறது, எங்க சோக மியூசிக் போடறதுன்னு முடிவு பண்றவர்தான் கதாசிரியர். உள்ள இருக்கறவங்க பேசறது நெசமாவே இருந்தாலும் கதை அவரோடது.

இந்த ஞானமெல்லாம் அண்ணன் பொண்ணு ஒரு பாட்டுப் போட்டிக்குப் போற வரைக்கும்தான். (சேனல் பேர் வேண்டாமே.) அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டினவரு, அவ ஏழாவது படிக்கறப்ப போயிட்டாரு. பாடி முடிச்சதும் "அப்பாவைப் பத்தி சொல்லும்மா"ன்னாங்க. சொன்னா, அழுதா. அப்புறம் ஒருத்தர் வந்து, "சவுண்ட் சரியா விழலைம்மா, இன்னொரு தடவை"ன்னாரு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். ஒண்ணும் கேக்கலை. கேட்டிருக்கணும்.

திரும்பவும் சொன்னா. திரும்பவும் அழுதா. டிவில வந்தது அந்த ரெண்டாவது டேக்தான். தெருவே அழுதுச்சு.

திரும்பி வர்றப்ப, பட்டாபிராம் தாண்டினதும், "நடிக்க சொல்லிட்டாங்களேம்மா"ன்னேன். ட்ரெயின் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னா: "நடிக்கல சித்தப்பா. ரெண்டாவது தடவைதான் நெசமாவே அழுதேன். மொத தடவை பாட்டு நல்லா பாடினோமான்னு பயத்துல அழுதேன்."

அப்புறம் நான் ஒண்ணும் பேசலை.

எங்க ஊர் பூசலார் நாயனார் மனசுக்குள்ளயே சிவனுக்குக் கோவில் கட்டினாரு. காஞ்சில கல்லுல கட்டின ராஜா கும்பாபிஷேகத்தைத் தள்ளிப்போட்டுட்டு இங்க தேடி வந்தா, கண்ணுக்கு ஒரு செங்கல் கூட தெரியலை. இருதயாலீஸ்வரர் கோவிலுக்குப் போறப்பல்லாம் இப்ப இதான் தோணுது. எந்த அழுகை நெசம்னு கேமராவுக்கும் தெரியலை, பக்கத்துலயே நின்ன எனக்கும் தெரியலை.

"எல்லாம் ஸ்கிரிப்டுப்பா"ன்னு சொல்றதை விட்டுட்டேன். ஆனா அந்த "இன்னொரு தடவை"யை மட்டும் இன்னும் மன்னிக்க முடியலை. உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?